புதூருக்கு ஒரு பல் வைத்தியம்!

கோவில்பட்டியில் பஸ் ஏறி, எட்டயபுரத்தில் பாரதிக்கு ஒரு கும்பிடு போட்டு, விளாத்திகுளத்தில் இறங்கி அடுத்த பஸ் பிடித்து, நாகலாபுரம் தாண்டி புதூருக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று. புரட்டாசி வெயில் உச்சியில் உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

கரிசல் காட்டைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் ஸார். மலை கிடையாது. மேடு கிடையாது. ஒரு பெரிய தோசைக்கல்லைக் கவிழ்த்து வைத்தது மாதிரி கறுப்பாக, தட்டையாக, கண் ஓடுகிற மட்டும் ஓடும் பூமி. நடுநடுவே பனை. ஓரமெல்லாம் வேலிக்கருவை. மிச்சம் பூராவும் வானம்தான்! இடைசெவல் கி.ராஜநாராயணன் ஏன் இந்த மண்ணை விட்டுவிட்டு வேறு எதையும் எழுத மனசில்லாமல் இருந்தார் என்பது இங்கே வந்து ஒரு மணி நேரம் நின்றால் புரியும்.

நான் வந்தது இலக்கிய யாத்திரை அல்ல. மாமா வரச்சொல்லியிருந்தார். "மருமகனே, வீட்ல ஒரு பஞ்சாயத்து. உடனே வாங்க" என்று போன். சொத்துத் தகராறோ, கல்யாணத் தகராறோ என்று பதறியடித்துக்கொண்டு கிளம்பினேன்.

புதூரில் இருந்து மூன்று கிலோ மீட்டர் உள்ளே தள்ளி மாமாவின் கிராமம். ரோட்டடியில் இறங்கி நின்றபோது, தூரத்தில் ஒரு சத்தம். '…உஊஊஊஊங்!' நாய் ஊளையிடுவதற்கும் நாயனக்காரர் சுதி சேர்ப்பதற்கும் நடுவில் ஒரு ராகம். புழுதிக்குள்ளிருந்து மாமாவின் பழைய டீசல் ஜீப் பிக்கப் வெளிப்பட்டது. முன்னால் ஜீப் மூஞ்சி, பின்னால் மூட்டை ஏற்றும் பாடி. வயசு முப்பதுக்கு மேல்.

"என்ன மாமா, வண்டி பாடுது?"

"அதான் மருமகனே பஞ்சாயத்து. ஏறுங்க, வீட்ல போய்ப் பேசிக்கிடலாம்."

வீட்டு வாசலில் இறங்கும்போதே அத்தை கருப்பட்டி காபி டம்ளரோடு நின்றாள். "வண்டி விலக்கு திரும்பும்போதே சத்தம் கேட்டுரும். அப்ப அடுப்புல தண்ணி வச்சா, நீங்க இறங்கும்போது காபி ரெடி" என்றாள். ஊரில் ஆளாளுக்கு மணி பார்க்க ஒரு கடிகாரம். அத்தைக்கு இந்த ஊளை!

பின்னால் இருப்பது யார்?

பஞ்சாயத்து என்னவென்றால், வண்டியின் பின்பக்க ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் இரண்டும் தேய்ந்துவிட்டன. பினியனில் ஒரு பல் விளிம்பு வேறு உடைந்திருக்கிறது. கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. முப்பது வருஷம் மாமா ஏற்றிய பாரத்துக்கு யானையே ராஜினாமா செய்திருக்கும். மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால், எந்தப் பல் போடுவது?

வண்டி சமாசாரம் தெரியாத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. என்ஜின் சுற்றுகிற சுற்று நேரே சக்கரத்துக்குப் போவதில்லை. கியர்பாக்ஸைத் தாண்டி, வண்டிக்கு அடியில் நீளமாக ஓடும் ஷாஃப்ட் வழியாகப் பின்னால் போகிறது. அங்கே சின்னப் பல் சக்கரம் ஒன்று, பெயர் பினியன். அது சுற்றிவிடும் பெரிய பல் சக்கரம் கிரவுன். மாமா வண்டியில் பினியனுக்கு 8 பல், கிரவுனுக்கு 43 பல். ஷாஃப்ட் 5.38 தடவை சுற்றினால் சக்கரம் ஒரு தடவை சுற்றும். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லீஸ் ஜீப்பில் இது 39க்கு 8, அதாவது 4.88. போர் முடிந்து, 'இனி விவசாயிக்கும் விற்போம்' என்று அதே கம்பெனி ஜீப்பைக் கழனிக்குக் கொண்டுவந்தபோது, ஏர் இழுக்கத் தெம்பு வேண்டுமே என்று 43க்கு 8 ஆக்கினார்கள். மஹிந்திரா வழியாக அந்தக் குடும்பம் நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது.

இந்த எண் பெரிசாக இருந்தால் இழுவை அதிகம், வேகம் குறைவு. சிறிசாக இருந்தால் வேகம் அதிகம், இழுவை குறைவு. கிணற்றுக் கமலைக்கு ஒரு மாடு, ரேக்ளாவுக்கு ஒரு மாடு என்கிற கதைதான். ஒரே மாடு இரண்டுக்கும் ஆகாது.

அப்பா கட்சி, மகன் கட்சி

மாமா மகனுக்கு இருபத்தாறு வயது. ராத்திரி திண்ணையில் என்னை ஓரங்கட்டினான்.

"அத்தான், நீங்களாவது சொல்லுங்க. மக்காச்சோளம், வத்தல், மல்லி எல்லாத்துக்கும் மதுரைக்கும் விருதுநகருக்கும் லோடு கேக்குதாக. பந்தல்குடி போயிட்டா நாலு வழிச் சாலை. எல்லா வண்டியும் பறக்குது, நான் மட்டும் அறுபதுல அழுதுக்கிட்டுப் போறேன். அதுக்கு மேல மிதிச்சா என்ஜின் கத்துது, டீசல் குடிக்குது. ரெண்டு யாவாரி 'தம்பி, நீ வந்து சேர நேரமாவுது'ன்னு வேற வண்டிக்கு மாறிட்டாக. இந்த வண்டி ஓடினாத்தான் நான் ஊர்ல இருப்பேன். இல்லேன்னா திருப்பூருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்."

கடைசி வாக்கியத்தைச் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. புதூர் பக்கம் பாதி வீட்டுப் பிள்ளைகள் திருப்பூரிலும் சிவகாசியிலும் சென்னையிலும் இருப்பது எனக்கும் தெரியும்.

அவன் கேட்டது 41க்கு 11. அதாவது 3.73. காயலாங்கடையில் ஒரு செட் பார்த்து வைத்திருந்தான்.

மாமா கட்டிலில் படுத்தபடியே குரல் கொடுத்தார். "ஏலே, உனக்குப் பன்னெண்டு மாசமும் தார் ரோடா தெரியுது. ஐப்பசியில இந்தக் கரிசல்ல இறங்கிப் பாரு!"

"மாமா, உங்க ஊர்ல மலையே இல்லையே... இழுவை எதுக்கு?" என்று நான் என் அறிவைக் காட்டினேன்.

மாமா எழுந்து உட்கார்ந்தார். "எங்க ஊர்லயும் மலை இருக்கு மருமகனே. அது படுத்துக் கிடக்கு!"

அது உண்மை. கரிசல் மண்ணின் களி, தண்ணீரைக் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். சித்திரை வெயிலில் கை நுழைகிற மாதிரி வெடிப்பு விடுகிற அதே பூமி, வடகிழக்குப் பருவமழையில் அல்வாவாகிவிடும். நடந்தால் ஒவ்வொரு காலிலும் இரண்டு கிலோ செருப்பு இலவசம். வண்டிச் சக்கரம் என்றால் கேட்கவே வேண்டாம். மட்கார்டு வரைக்கும் அப்பிக்கொண்டு 'வராதே' என்று பிடித்து இழுக்கும்.

கோவில்பட்டி டாக்டர்

மறுநாள் காலை மூன்று பேரும் வண்டியில் கோவில்பட்டி போனோம். தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பேர் போன ஊர். கடலை மிட்டாய்க்கு 2020ல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு எழுபது வயது இருக்கும். வண்டி தெருமுனை திரும்பும்போதே, "பினியன் போச்சா?" என்றார். ஸ்டெதாஸ்கோப் வைக்காமலே நோய் சொல்லும் டாக்டர்!

"அண்ணாச்சி, முதல்ல இதுல இருக்கது 43க்கு 8 தானா, நடுவுல யாராவது மாத்திட்டாங்களான்னு பாக்கணும்" என்றான் மச்சினன்.

அதற்கு ஹவுசிங்கைப் பிரிக்க வேண்டிய அவசியம் இல்லையாம். ஒரு பக்கப் பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கினார். மறு சக்கரம் தரையில். கியர் நியூட்ரலில். டயரிலும் ஷாஃப்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு. "நீ சக்கரத்தை ரெண்டு சுத்து சுத்து. நான் ஷாஃப்டை எண்ணுதேன்." ஒரு சக்கரம் தரையில் நிற்பதால், தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால்தான் உள்ளே கிரவுன் ஒரு சுற்று சுற்றும். சுற்றினோம். ஷாஃப்ட் ஐந்து முழுச் சுற்று சுற்றி, அதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு தாண்டி நின்றது. 5.38. சரிதான்!

"43, 8ன்னு ஏன் அண்ணாச்சி ஒத்தைக்கு ரெட்டையா வச்சிருக்கான்? 40, 8ன்னு வச்சா சுளுவா அஞ்சு வருமே?" என்றேன்.

அண்ணாச்சி சந்தோஷப்பட்டார். "அப்படி வச்சா இந்தப் பல்லு எப்பவும் அதே அஞ்சு பல்லோடயே மோதும். ஒண்ணு கெட்டா அந்த அஞ்சும் கெடும். 43ஐ எட்டால வகுக்க முடியாதுல்ல? அதனால ஒவ்வொரு பல்லும் எல்லாப் பல்லோடயும் மாத்தி மாத்திப் பழகும். தேய்மானம் சமமாயிரும்." எட்டுப் பல்லை வைத்துச் சமத்துவம் பேசுகிறார் மனுஷன்!

பிறகு சிமென்ட் தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டார். வண்டியின் டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2¼ மீட்டர் ஓடும். இந்தக் காலத்துக் கிழட்டு டீசல் என்ஜினுக்கு நிமிஷத்துக்கு 2,500 சுற்று என்பது நிம்மதியான ஓட்டம். டாப் கியரில் ஷாஃப்டும் அதே 2,500. அதைப் பல் கணக்கால் வகுத்து, டயர் கணக்கால் பெருக்கினால்:

43க்கு 8 (5.38) - மணிக்கு 63 கிலோ மீட்டர்.
39க்கு 8 (4.88) - 69.
47க்கு 11 (4.27) - 79.
41க்கு 11 (3.73) - 90.

மச்சினன் முகத்தில் 90 வாட்ஸ் பல்பு! "பாத்தீகளா அத்தான்?"

"இரு தம்பி," என்றார் அண்ணாச்சி. "3.73 போட்டா இழுவையில நூத்துக்கு முப்பது போயிரும். சேத்துல முதல் கியர்ல எடுக்கும்போதே கிளட்ச் கருகி வாடை வரும். இன்னொண்ணு, இந்த ஸ்பைசர் 44 சாதி ஹவுசிங்ல 3.73க்கு உள்ள இருக்க கேஸே வேற. அதையும் சேத்து மாத்தணும். 4.27ம் 4.88ம் உன் கேஸ்லயே உக்காரும்."

"பெரிய டயர் போட்டா?"

"அதுவும் பல்லைக் குறைச்ச மாதிரிதான். 28 இஞ்சு டயரை 30 ஆக்கினா நூத்துக்கு ஏழு வேகம் கூடும், இழுவை அதே அளவு குறையும். ரெண்டையும் சேத்துப் பண்ணாத. அப்புறம் எது எதைக் கெடுத்துச்சுன்னு தெரியாமப் போயிரும்."

மாமா வெற்றிப் புன்னகையோடு மீசையைத் தடவினார். அண்ணாச்சி அவரையும் விடவில்லை. "நீரு சிரிக்காதீரும். சேத்துல ஒத்தைச் சக்கரம் வழுக்கிச் சுத்த ஆரம்பிச்சா, 5.38 இல்ல, அம்பத்துமூணு போட்டாலும் வண்டி நகராது. அதுக்குப் பல்லு வைத்தியம் கிடையாது. பின்னால பாரம் வச்சு, மிதிக்காம, மெதுவா உருட்டணும்."

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் கதையே வேறாம். அதில் லோ கியர் இருக்கும், சேற்றைப் பற்றிக் கவலை குறைவு. ஆனால், முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டிலும் ஒரே பல் கணக்கு இருந்தாக வேண்டும். மாமா வண்டிக்கு இழுவை பின்னால் மட்டும்தான்.

முடிவு எடுக்காமலே ஊர் திரும்பினோம். வழியெல்லாம் அப்பனும் மகனும் பேசவில்லை. பின்னால் பினியன் மட்டும் பாடிக்கொண்டு வந்தது.

அத்தை சொன்ன கதை

அன்று ராத்திரி அத்தை என்னிடம் சொன்னாள்.

"அவரு எதுக்கு இந்தப் பல்லைப் புடிச்சுத் தொங்குதாருன்னு உங்களுக்குத் தெரியாது மருமகனே. மூணு வருசத்துக்கு முந்தி ஐப்பசி. ரெண்டு நாளா விடாத மழை. காட்டுக்குள்ள தோட்டத்து வீட்டுல இருக்க புள்ளைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்துட்டு. 108க்குப் போன் அடிச்சா வந்துட்டாக. ஆனா தார் ரோட்டு வரைக்கும்தான் வர முடிஞ்சது. அங்க இருந்து ஒண்ணரை மைலு கரிசல் பாதை. வந்தவுக என்ன செய்வாக பாவம்?

இவரு வண்டியை எடுத்தாரு. பின்னால ஆறு மூட்டைச் சோளத்தை ஏத்தி, அதுக்கு மேல மெத்தையைப் போட்டு, புள்ளையைப் படுக்க வச்சு, நான் கையைப் புடிச்சுக்கிட்டேன். நடக்குற வேகம்தான். ஒரு இடத்துலயும் நிக்கல. நின்னிருந்தா அவ்வளவுதான், திரும்ப எடுத்திருக்க முடியாது. முக்கா மணி நேரம். தார் ரோட்டுல கொண்டுபோய்ச் சேத்துட்டாரு. விளாத்திகுளம் ஆஸ்பத்திரியில விடியும்போது ஆம்பளப் புள்ள. இப்ப அந்தப் பய இந்த வண்டியைப் பாத்தா 'என் வண்டி'ங்கான்!"

தமிழ்நாட்டில் 108 சேவை வந்தது 2008ல். எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால், கரிசல் சேற்றுக்கு அரசாங்க வண்டி, தனியார் வண்டி என்ற பேதம் கிடையாது.

எனக்குப் பேச்சு வரவில்லை. இந்தப் பக்கம் திருப்பூர் பஸ். அந்தப் பக்கம் ஒரு பிரசவ ராத்திரி. நடுவில் எட்டுப் பல்!

மூட்டைக் கணக்கு

காலையில் அத்தையே பஞ்சாயத்தைக் கூட்டினாள். "பல்லு, சுத்து எல்லாம் எனக்கு விளங்காது. இழுவை குறையும்ங்கீங்க. எத்தனை மூட்டைக்குக் குறையும்? அதைச் சொல்லுங்க."

யாரும் இப்படி யோசிக்கவில்லை! நான் பேப்பரை எடுத்தேன். வண்டி எடை சுமார் 1,300 கிலோ. 50 கிலோ மூட்டை இருபது ஏற்றினால் 1,000 கிலோ. மொத்தம் 2,300. இப்போது சேற்றில் வண்டி இந்தப் பாரத்தை எவ்வளவு சிரமத்தோடு இழுக்கிறதோ, அதே சிரமத்தில் இழுக்க வேண்டுமானால் எடையைக் குறைக்க வேண்டும். 4.88 போட்டால் நாலு மூட்டை குறைய வேண்டும். 4.27 போட்டால் ஒன்பது. 3.73 போட்டால் பதினாலு!

"பதினாலா?" என்றான் மச்சினன். அவன் முகத்தில் பல்பு அணைந்தது. "அப்ப காட்டுல இருந்து தார் ரோட்டுக்கு ஒரு லோடை நாலு நடையா எடுக்கணும். ஐப்பசியில பொழப்பு நாறிரும்."

"ஒன்பதுன்னாலும் பாதி லோடு" என்றேன்.

"நாலு மூட்டை பரவால்ல" என்றார் மாமா, மெல்ல. "மழை மாசம் பதினாறு ஏத்திக்கிடலாம். கோடையில இருபது."

"அறுபத்தொன்பது ஓடும்லா?" என்றான் மகன்.

"ஓடும்."

"அப்ப ஒரு எழுபதுன்னு வைங்க. மதுரை போற நேரத்துல பத்துல ஒரு பங்கு மிச்சம். அதை விட, என்ஜின் கத்தாதுல்ல? அறுவதுல போனாலும் சுத்து குறைவு. டீசல் கொஞ்சம் நிக்கும்." கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு, "அந்தப் பயலுக்குத் தங்கச்சி பொறக்கப் போவுதாம். மதினி சொன்னாக. ஐப்பசி கடைசியிலதான் நாளாம்" என்றான், யாரையும் பார்க்காமல்.

பஞ்சாயத்து முடிந்தது. 39க்கு 8!

பல் கட்டியாச்சு

மறுபடி கோவில்பட்டி. அண்ணாச்சி இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உரசிப் பழக்கிய ஜோடி. ஒன்றை இங்கும் ஒன்றை அங்கும் வாங்கக் கூடாது. இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கிறதா என்று மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். பல்லில் வர்ணம் தடவி, சுற்றிப் பார்த்து, தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்த்தார். விழவில்லை. பிரித்தார். காகிதம் மாதிரி மெல்லிசான ஷிம் தகடு ஒன்றை எடுத்தார், இன்னொன்றை வைத்தார். மறுபடி வர்ணம். ஐந்து தடவை!

"அவசரப்பட்டு மாட்டினா புதுப் பல்லும் ஆறு மாசத்துல ஊளையிடும்" என்றார். ஈபி 90 ஆயில் ஊற்றி மூடினார். "முதல் ஐநூறு கிலோ மீட்டர் பாரத்தைக் குறைச்சு ஓட்டு. அப்புறம் ஆயிலை மாத்து. ஸ்பீடாமீட்டர் இனிமே பொய் சொல்லும். முள்ளு அம்பது காட்டினா நிஜத்துல அம்பத்தஞ்சு."

"அது 1998லேயே பேச்சை நிறுத்திட்டு அண்ணாச்சி" என்றார் மாமா.

திரும்பும்போது மகன் ஓட்டினான். எட்டயபுரத்தைத் தாண்டி நாலு வழிச் சாலையில் ஏறினோம். என்ஜின் முனகாமல் ஓடியது. ஒரு டேங்கர் லாரியை நாங்கள் தாண்டினோம். எங்களை எத்தனை பேர் தாண்டினார்கள் என்று எண்ணவில்லை! பந்தல்குடியில் திரும்பும்போது வானம் கறுத்தது. புதூர் வருவதற்குள் சடசடவென்று பிடித்துக்கொண்டது. மழைக்கு முன்னாலேயே விதைத்துவிட்டுக் காத்திருந்த பூமி, ஆவி பறக்கக் குடித்தது.

கரிசல் பாதை வந்தது. மகன் வண்டியை நிறுத்தி அப்பாவைப் பார்த்தான். அப்பா இறங்கி வந்து ஸ்டீயரிங்கைப் பிடிப்பார் என்று நினைத்தேன். அவர் அசையவில்லை.

"ரெண்டாம் கியர்ல போடு. மிதிக்காத. நிக்காத. அது பாட்டுக்குப் போகும்."

போனது. நடக்கிற வேகத்தில், இரண்டு பக்கமும் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு, ஒரு இடத்திலும் நிற்காமல்.

வீட்டு வாசலில் இறங்கினால் கதவு சாத்தியிருக்கிறது. மாமா தட்டினார். அத்தை திடுக்கிட்டுத் திறந்தாள்.

"எப்ப வந்தீக? சத்தமே காணோமே! இன்னும் அடுப்புல தண்ணிகூட வைக்கலியே!"

மாமா மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தான்.

"ஏலே," என்றார் மாமா. "நாளைக்கே ஒரு நல்ல ஹாரன் வாங்கி மாட்டு. காபிக்கு வழி பண்ணணும்ல!"